மூளையில் சிதைந்த மையலின் திரும்ப வளருமா?

கேட்கப்பட்டது இது: 31 வயதுத் தங்கைக்குத் திடீரென்று வலது கண்ணில் வலி, நான்கே நாளில் பார்வை மங்கல். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் மூளையில் சில வெள்ளைப் புள்ளிகள். நரம்பின் மேலுறையான மையலின் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அது ஏன் கெடுகிறது, மறுபடி வளருமா, வளர்க்க மருந்து உண்டா, உறவினர்கள் சொல்லும் பாதாமும் நெய்யும் உதவுமா, ஒரு தனியார் மையம் போடச் சொல்லும் ஸ்டெம் செல் ஊசியைப் போடலாமா?

வளரும். மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு மூன்றிலும் சிதைந்த மையலின் தானாகவே ஓரளவு திரும்ப உருவாகிறது. ஆனால் வேண்டிய அளவுக்கு அதை வளர்த்துத் தரும் என்று நிரூபிக்கப்பட்டு அங்கீகாரம் பெற்ற மருந்து இதுவரை ஒன்றுகூட இல்லை. இந்த இரண்டையும் சேர்த்தே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதை மட்டும் சொல்பவர் உங்களிடம் எதையோ விற்க வந்திருக்கிறார். இரண்டாவதை மட்டும் சொல்பவர் தேவையில்லாமல் பயமுறுத்துகிறார்.

மையலின் என்றதும் மின்கம்பியின் மேலிருக்கும் பிளாஸ்டிக் உறையைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். பாதி சரி. உறை உள்ள நரம்பிழையில் சமிக்ஞை நொடிக்கு 100 மீட்டர் வரை ஓடும். உறையில்லாத மெல்லிய இழையில் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். ஆனால் பிளாஸ்டிக்குக்கு உயிரில்லை, மையலினுக்கு உண்டு. ஒலிகோடென்ட்ரோசைட் என்ற செல் தன் கிளைகளை நீட்டி, நரம்பிழையைச் சுற்றிச் சுற்றி அடுக்கடுக்காகப் போர்த்திய சவ்வுதான் அது. ஒரே செல் நாற்பது, ஐம்பது இடங்களில் இப்படிப் போர்த்தியிருக்கும். ஆகவே ஒரு செல் செத்தால் பல இழைகள் ஒரே நேரத்தில் வெறுமையாகின்றன. உறையின் வழியாக அந்தச் செல் நரம்பிழைக்கு லாக்டேட் வடிவில் எரிபொருளும் ஊட்டுகிறது என்பது 2012-இல் வெளிவந்த ஆய்வுகளில் தெளிவானது. உறை நீண்ட காலம் இல்லாமல் போனால் சமிக்ஞை தாமதமாவதோடு நிற்காமல் இழையே பட்டினியில் மெலிந்து அறுந்துவிடுவது இதனால்தான். மையலின் போனால் திரும்ப வரலாம். மைய நரம்பு மண்டலத்தில் அறுந்த இழை திரும்ப வராது. சிகிச்சையின் அவசரமெல்லாம் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

உங்கள் தங்கைக்கு வந்திருப்பது பார்வை நரம்பு அழற்சி. அதையே கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம், ஏனென்றால் மையலினின் நிலையை வெளியிலிருந்து அளக்க உடம்பில் இதைவிட வசதியான இடம் கிடையாது. கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் நொடிக்கு இரண்டு முறை இடம் மாறும் திரையின் முன் அவரை உட்கார வைப்பார்கள். ஒரு கண்ணை மூடி, திரையின் நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பின்மண்டையில் ஒட்டிய மின்வாய்கள், கட்டம் மாறிய செய்தி மூளையின் பார்வைப் பகுதிக்கு வந்துசேர எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று பதிவு செய்யும். நல்ல கண்ணில் ஏறக்குறைய 100 மில்லிசெகண்ட். அழற்சி கண்ட கண்ணில் அது 120, 130 என்று தள்ளிப்போகும். இதில் கவனிக்க வேண்டியது, சில வாரங்களில் பார்வை தெளிந்து, பலகையின் கடைசி வரி வரை அவர் படித்துவிட்டாலும் அந்தத் தாமதம் பல ஆண்டுகள் அப்படியே இருக்கலாம் என்பதுதான். பார்வை திரும்பியதற்கு முதல் காரணம் வீக்கம் வற்றியது. அடுத்தது, உறை இழந்த பகுதியில் சமிக்ஞையைக் கடத்த உதவும் சோடியம் வாயில்கள் பரவி, சமிக்ஞை மெதுவாகவேனும் கடந்து போக வழி செய்துகொண்டது. மையலின் வளர்ந்தது அதற்கப்பால் மெல்ல நடக்கும் மூன்றாவது சங்கதி. "எனக்குப் பார்வை வந்துவிட்டது, இந்த மருந்துதான் மையலினை வளர்த்தது" என்று யாராவது சாட்சி சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த மருந்தும் சாப்பிடாமலே பெரும்பாலானவர்களுக்குப் பார்வை பெருமளவு திரும்புகிறது. ஸ்டீராய்டுகூட மீட்சியை விரைவுபடுத்துகிறதே தவிர, கடைசியில் எவ்வளவு பார்வை மிஞ்சும் என்பதை மாற்றுவதில்லை. 1992-இல் அமெரிக்காவில் வெளிவந்த பார்வை நரம்பு அழற்சி ஆய்வு அதைத்தான் காட்டியது.

இனி, ஏன் கெடுகிறது என்பதற்கு வருகிறேன். காரணம் தெரியாமல் பழுதுபார்ப்பைப் பற்றிப் பேசுவது வீண், ஏனென்றால் ஒரு காரணத்துக்கு உயிர்காக்கும் மருந்து மற்றொன்றுக்குக் கேடாக முடியும்.

இளவயதுப் பெண், பார்வை நரம்பு, மூளையில் புள்ளிகள் என்றால் மருத்துவர்கள் முதலில் சந்தேகிப்பது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். பாரிசின் சால்பெட்ரியே மருத்துவமனையில் ஷார்கோ 1868-இல் இதைத் தனி நோயாக வரையறுத்தார். உடலின் நோயெதிர்ப்பு அணுக்கள் மூளைக்குள் புகுந்து மையலினைத் தாக்குகின்றன. ஏன் தாக்குகின்றன என்பதற்கு நீண்ட காலம் ஊகங்களே இருந்தன. 2022-இல் அமெரிக்க ராணுவத்தினர் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரின் ரத்த மாதிரிகளையும் மருத்துவப் பதிவுகளையும் வைத்து ஹார்வர்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு நிலைமையை மாற்றியது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றிய பிறகு எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடியிருந்தது. மற்ற வைரஸ்களுக்கு அப்படி எதுவும் இல்லை. அதற்காக வைரஸ் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. உலகில் பெரியவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோருக்கு அந்தத் தொற்று வந்துபோயிருக்கிறது. அவர்களில் மிகச் சிலருக்கே எம்.எஸ். வருகிறது. மரபணு, புகை, வைட்டமின் டி குறைவு போன்றவை கூடவே சேர வேண்டியிருக்கிறது.

உடல் தன் மையலினையே தாக்கும் என்பதை மனிதன் கற்றுக்கொண்ட கதைக்கு நம் ஊர்ப்பக்கம் ஒரு கிளை உண்டு. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்பது தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே பயந்து வளர்ந்த விஷயம். அந்த மருந்து, 1911-இல் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய முறையில், வெறிநோய் வைரஸ் ஏற்றப்பட்ட ஆட்டு மூளையை அரைத்து, பீனால் கலந்து செய்தது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் அது தயாரானது. எண்ணற்ற உயிர்களைக் காத்தது. ஆனால் ஊசி போட்டுக்கொண்டவர்களில் சிலருக்குச் சில வாரங்களில் கால்கள் செயலிழந்தன, நினைவு தப்பியது. வைரசால் வந்த விளைவா இது என்று குழம்பினார்கள். நியூயார்க்கின் ராக்பெல்லர் நிறுவனத்தில் தாமஸ் ரிவர்ஸ் 1930-களில் வைரஸ் எதுவும் இல்லாத முயல் மூளையைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்பச் செலுத்திப் பார்த்தார். குரங்குகளின் மூளையில் மையலின் அழிந்தது. குற்றவாளி வைரஸ் அல்ல, மருந்தில் கலந்திருந்த மூளைத் திசுதான். அந்நிய மையலினை எதிர்க்கப் பழகிய உடல் தன்னுடையதையும் சேர்த்து எதிர்த்துவிடுகிறது. இந்தியாவில் அந்தத் தடுப்பூசி 2004-இல் நிறுத்தப்பட்டது. இன்று போடுவது செல் வளர்ப்பில் தயாராவது. அதில் மூளைத் திசு கிடையாது. ஆகவே இதைப் படித்துவிட்டு நாய்க்கடி ஊசியைத் தள்ளிப்போட யாரும் கிளம்பிவிட வேண்டாம். வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. எம்.எஸ்.ஸுக்கு இப்போதுள்ள மருந்துகளில் பலவும் ரிவர்ஸின் அந்தச் சோதனையிலிருந்து வளர்ந்த விலங்கு மாதிரியில் முதலில் சோதிக்கப்பட்டவைதான்.

எம்.எஸ். போலவே தோன்றும் வேறு இரண்டு நோய்கள் உண்டு. நம் நாட்டில் இவற்றைத் தவறவிடவே கூடாது. ஒன்று, அக்வாபோரின்-4 என்ற புரதத்துக்கு எதிராக உடலே உண்டாக்கும் ஆன்டிபாடியால் (எதிர்ப்புப் புரதத்தால்) வரும் நியூரோமைலிட்டிஸ் ஆப்டிக்கா. இதில் முதலில் அடிபடுவது மையலின்கூட அல்ல, அருகிலிருந்து நரம்புகளுக்குத் துணைநிற்கும் ஆஸ்ட்ரோசைட் செல்கள். மையலின் அதன் பின்னால் சரிகிறது. ஒவ்வொரு தாக்குதலும் கடுமையாக இருக்கும். ஒரே தாக்குதலில் கண் போனவர்கள் உண்டு. எம்.எஸ்.ஸுக்குக் கொடுக்கும் இன்டர்பெரான், பிங்கோலிமோட், நட்டாலிசுமாப் ஆகியவை இந்த நோயை மோசமாக்குகின்றன. மற்றொன்று, மையலினின் வெளிப்பரப்பில் இருக்கும் மாக் (MOG) என்ற புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியால் வருவது. இது குழந்தைகளுக்கும் வரும். ஸ்டீராய்டுக்கு நன்றாகவே கேட்கும். இரண்டையும் ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். உங்கள் தங்கைக்கு அவை எடுக்கப்பட்டனவா என்று கேளுங்கள். நீண்ட கால மருந்து தொடங்கும் முன் கேளுங்கள்.

நோயெதிர்ப்போடு தொடர்பில்லாத காரணங்களில் நம்மிடையே பரவலாக இருப்பது வைட்டமின் பி12 குறைவு. கறி, மீன், முட்டை தொடாதவர்கள், பல ஆண்டுகளாக மெட்பார்மின் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகள், வயிற்றெரிச்சலுக்கு அமிலம் குறைக்கும் மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்குபவர்கள் ஆகியோருக்கு இது வரும். தண்டுவடத்தின் பின்பக்கத்திலும் பக்கவாட்டிலும் உள்ள மையலின் வீங்கிச் சிதைகிறது. பாதத்தில் மதமதப்பு, பஞ்சின் மேல் நடப்பதுபோன்ற உணர்வு. முகத்தில் சோப்பு போட்டுக் கண்ணை மூடும்போது வாஷ்பேசின் மேல் சாய்ந்துவிடுவார்கள். கால் எங்கே இருக்கிறது என்ற செய்தி தண்டுவடம் வழியே மேலே வராததால் அதுவரை கண்தான் சமாளித்துக்கொண்டிருந்தது. கண் மூடியதும் குட்டு வெளிப்பட்டுவிடுகிறது. இதற்கு மட்டும் பழுதுபார்க்கும் மருந்து உண்டு என்று தயங்காமல் சொல்லலாம்: பி12 ஊசி. சில மாதங்களுக்குள் தொடங்கினால் பெருமளவு மீளும். வருடக்கணக்கில் விட்டால் மீளாது. பி12 பார்க்காமல் போலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் ரத்தசோகை சரியாகி, நரம்புச் சேதம் கமுக்கமாகத் தொடரும்.

உப்புச் சத்து குறைந்து மருத்துவமனையில் சேரும் முதியவர்களிடமும், மது, ஊட்டக்குறைவு இரண்டும் உள்ளவர்களிடமும் வேறொரு ஆபத்து. சோடியம் பல நாள்களாகக் குறைந்திருந்து, அதை அவசரமாக ஏற்றினால் மூளைத் தண்டின் நடுவில் மையலின் கழன்றுவிடும். 1959-இல்தான் இது முதலில் விவரிக்கப்பட்டது. நாள் ஒன்றுக்கு, லிட்டர் ரத்தத்தில் 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் ஏற்றாமல் மெதுவாகக் கொண்டுபோவது இதைத் தவிர்க்கத்தான். "ஏன் இத்தனை நாள் படுக்க வைத்திருக்கிறார்கள்" என்று உறவினர்கள் கோபப்படும்போது இந்தக் காரணத்தை யாரும் விளக்குவதில்லை என்பது வருத்தம். மையலினைப் பாதித்துப் பரம்பரையாக வரும் லியூகோடிஸ்ட்ரோபி நோய்கள், நோயெதிர்ப்பு குறைந்தவர்களைத் தாக்கும் ஜே.சி. வைரஸ், கார்பன் மோனாக்சைடு நச்சு ஆகியவையும் பட்டியலில் உண்டு. உங்கள் கேள்விக்கு அவை தூரம்.

பழுதுபார்ப்பு எப்படி நடக்கிறது? வளர்ந்த விலங்கின் தண்டுவடத்தில் மையலின் திரும்ப உருவாவதை, பூனைகளை வைத்து, 1961-இல் பங்கே தம்பதியரும் ரிஸ்ஸும் மின்னணு நுண்ணோக்கியில் காட்டினார்கள். நம் மூளையின் செல்களில் நூற்றுக்கு ஐந்தாறு, ஒலிகோடென்ட்ரோசைட்டாக மாறக்கூடிய முன்னோடிச் செல்கள். காயம் பட்ட இடத்துக்கு அவை நகர்ந்து, பெருகி, முதிர்ந்து, புது உறை போர்த்துகின்றன. புது உறை பழையதைவிட மெல்லியதாகவே இருக்கும். ஆனாலும் வேலை நடக்கும். பிறகு ஏன் எம்.எஸ். நோயாளிகளுக்கு அது போதாமல் போகிறது? பலருடைய காயங்களில் முன்னோடிச் செல்கள் வந்து நிற்கின்றன. முதிராமல் அப்படியே தங்கிவிடுகின்றன. ஒரு தடை, சிதைந்த மையலினின் குப்பையே. அது அகற்றப்படாத வரை முன்னோடிச் செல் முதிர்வதில்லை. அகற்றும் வேலை மைக்ரோகிளியா, மேக்ரோபேஜ் செல்களுடையது. வயதானால் அவை சோர்ந்துபோகின்றன. 2012-இல் ஒரு கிழ எலியின் ரத்த ஓட்டத்தை இளம் எலியுடன் இணைத்துப் பார்த்தார்கள். இளம் எலியின் மேக்ரோபேஜ்கள் வந்து குப்பையை அள்ளியதும் கிழ எலியின் மையலின் இளமைக்குரிய வேகத்தில் வளர்ந்தது. 2019-இல் மெட்பார்மினும், ஒருநாள் விட்டு ஒருநாள் உண்ணாமலிருப்பதும் கிழ எலிகளில் அதேபோல உதவின.

எலியில் நடப்பது நமக்கும் நடக்குமா என்றால், இங்கே ஒரு சிக்கல். 1950, 60-களின் அணுகுண்டு வெடிப்புச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன்-14 அளவை வைத்து, ஒரு செல் எந்த ஆண்டில் பிறந்தது என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். மனித மூளையின் வெண்பகுதியில் ஒலிகோடென்ட்ரோசைட்டுகள் குழந்தைப் பருவத்திலேயே அமைந்துவிடுகின்றன. அதன் பின் ஆண்டுக்கு முந்நூற்றில் ஒன்றுதான் புதிதாக மாறுகிறது. அதைவிட வியப்பு 2019-இல் வந்தது: எம்.எஸ். நோயாளிகளின் மூளையில் திரும்ப மையலின் பூத்த இடங்களில் புதிதாகப் பிறந்த செல்கள் காணப்படவில்லை. தப்பிப் பிழைத்த பழைய செல்களே புது உறை போர்த்தியிருந்தன. முன்னோடிச் செல்லைத் தட்டியெழுப்பினால் போதும் என்று எலிகளை நம்பி இறங்கிய மருந்துகள் மனிதர்களிடம் சறுக்குவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் கருத்து. உயிரோடிருக்கும் செல்லை இழக்காமல் பார்த்துக்கொள்வதே பழுதுபார்ப்பின் பெரும்பகுதி என்று ஆகிறது.

மருந்துகளின் கதையில் சுவாரசியமானது கிளெமாஸ்டின். சான் பிரான்சிஸ்கோவில் ஜோனா சான் குழுவினர் கூம்பு வடிவில் நுண்ணிய கண்ணாடித் தூண்களை வரிசையாக நட்டு, அவற்றின் மேல் முன்னோடிச் செல்களை வளரவிட்டார்கள். உறை போர்த்தும் திறன் பெற்ற செல் தூணைச் சுற்றிக்கொள்ளும்; மேலிருந்து பார்த்தால் வளையமாகத் தெரியும். ஆயிரம் மருந்துகளை ஊற்றி, எதில் வளையங்கள் கூடுகின்றன என்று எண்ணினார்கள். ஜலதோஷத்துக்கும் அரிப்புக்கும் சாப்பிடும் பழைய மாத்திரையான கிளெமாஸ்டின் முன்னுக்கு வந்தது. 2017-இல் 50 எம்.எஸ். நோயாளிகளிடம் சோதித்தபோது, நான் மேலே சொன்ன அந்தப் பார்வைத் தாமதம் சராசரியாக 1.7 மில்லிசெகண்ட் குறைந்தது. அறிவியலுக்கு அது பெரிய செய்தி, ஏனென்றால் நாள்பட்ட காயத்திலும் மையலின் வளரும் என்பதற்கு மனிதரிடம் கிடைத்த முதல் சான்று. நோயாளிக்கு அது ஒன்றுமில்லை, களைப்புத்தான் கூடியது. பின்னர் அமெரிக்காவில் முற்றிய எம்.எஸ். உள்ளவர்களிடம் நடந்த வேறொரு ஆய்வில் சிலருக்கு ஊனம் வேகமாகக் கூடியதால் கிளெமாஸ்டினை நிறுத்த வேண்டிவந்தது. கடையில் வாங்கித் தாமாகச் சாப்பிட வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வது இதற்காக. ஆப்பிசினுமாப் என்ற மருந்தும் ஆய்வில் தோற்றது. மிகையளவு பயோட்டின் என்ற வைட்டமின் முதல் ஆய்வில் நம்பிக்கை தந்து, 2020-இல் பெரிய ஆய்வில் கைவிட்டது; போதாக்குறைக்குத் தைராய்டு ரத்தப் பரிசோதனையின் முடிவைத் தாறுமாறாகக் காட்டவைக்கும். பெக்சரோட்டின் என்ற புற்றுநோய் மருந்து, பார்வைத் தாமதத்தை அளக்கும் மின்பதிவில் பலன் இருப்பதாகக் காட்டினாலும் தைராய்டைக் கெடுத்ததால் கைவிடப்பட்டது.

ஆக, இன்று கையிலிருப்பது சேதத்தை நிறுத்தும் மருந்துகள். எம்.எஸ். உறுதியானால் ஆக்ரெலிசுமாப், ரிட்டுக்ஸிமாப் போன்றவற்றைத் தொடக்கத்திலேயே கொடுப்பது புதுத் தாக்குதல்களைப் பெரிதும் குறைக்கிறது. "முதலில் லேசான மருந்து, முற்றினால் பார்க்கலாம்" என்ற பழைய வழக்கம் மெல்ல மறைந்துவருகிறது, மறைவது நல்லதே. தங்கைக்குக் குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் அதை முதல் சந்திப்பிலேயே சொல்லட்டும். மருந்துத் தேர்வு அதைப் பொறுத்து மாறும். புகைப்பவராக இருந்தால் நிறுத்தட்டும். உடற்பயிற்சி மையலினை வளர்க்கும் என்பதற்கு எலிகளில் நல்ல சான்று உண்டு. மனிதரில் இன்னும் இல்லை. ஆனாலும் நடைக்கும் களைப்புக்கும் அது உதவுவதால் செய்யச் சொல்லுங்கள்.

வெயிலைப் பற்றி ஒன்று. உறை மெலிந்த நரம்பு, உடல் வெப்பம் அரை டிகிரி கூடினாலே சமிக்ஞையைத் தவறவிடும். உடல் உழைப்புக்குப் பின் பார்வை மங்குவதை 1890-இலேயே உட்தாப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் குறித்துவைத்தார். சித்திரை வெயிலில் நடந்து வந்ததும், வெந்நீரில் குளித்ததும், காய்ச்சலின்போதும் உங்கள் தங்கைக்குப் பார்வை மங்கலாம். உடல் குளிர்ந்ததும் தெளிந்தால் அது புதுத் தாக்குதல் அல்ல; பதற வேண்டாம். ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

பாதாம், நெய்: மையலினில் கொழுப்பு அதிகம் என்பது உண்மை. மூளையின் கொலஸ்டிராலில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. ஆனால் அதை மூளை தானே தயாரித்துக்கொள்கிறது. ரத்தத்தில் ஓடும் கொலஸ்டிரால் மூளைக்குள் நுழைவதில்லை. நெய் ருசிக்காகச் சாப்பிடலாம்.

ஸ்டெம் செல் விஷயத்தில் இரண்டு வேறு காரியங்களுக்கு ஒரே பெயர் வழங்குவதால் குழப்பம். கடுமையான எம்.எஸ். உள்ள சிலருக்கு, அவர்களுடைய ரத்த ஸ்டெம் செல்லை எடுத்துவைத்து, கீமோதெரபியால் பழைய நோயெதிர்ப்பை அழித்துவிட்டுத் திரும்பச் செலுத்தும் மாற்று சிகிச்சை உண்டு. ஆபத்தும் பலனும் ஆராயப்பட்ட முறை. அதுவும் தாக்குதலை நிறுத்துகிறதே தவிர மையலினை நடுவதில்லை. தனியார் மையங்கள் கொழுப்பிலிருந்தோ தொப்புள்கொடியிலிருந்தோ எடுத்து முதுகுத்தண்டில் போடுவது வேறு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலின்படி, ரத்த நோய் போன்றவற்றுக்கான அங்கீகரிக்கப்பட்ட மாற்று சிகிச்சைகளைத் தவிர, ஸ்டெம் செல் எதுவும் பதிவுசெய்த ஆய்வுக்கு வெளியே கொடுக்கப்படக் கூடாது. ஆய்வு என்று அவர்கள் சொன்னால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தின் எண்ணைக் கேட்டு வாங்கி, இணையத்தில் சரிபாருங்கள். ஆய்வில் சேர்பவரிடம் சிகிச்சைக்குப் பணம் வாங்கக் கூடாது. லட்சக்கணக்கில் கேட்டால் அது ஆய்வே அல்ல.